விளம்பரம் போடும் நேரம்

ரயில் நிலையத்தில் அவளை எல்லோரும் டிக்கெட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, வரிசையில் நிற்பவர்களிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டு, டிக்கெட் அடித்து, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாகத் தள்ளுவது அவள் வேலை. மத்தியான இடைவேளையைத் தவிர நடுவில் எழுந்து நடக்க வழியே கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் கண் சொக்கும்வரை அங்கேயேதான். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் மனிதக் குரல் என்று இருந்தது டிவி மட்டும்தான்.

ஒருநாள் குளியலறையில் விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. குழாயைப் பிடித்து, சுவரைப் பிடித்து, ஒருவழியாக வெளியே வந்தாள். டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார், முதுகைத் தட்டிப் பார்த்தார்.

"வியாதின்னு ஒண்ணுமில்லம்மா. அசையாம இருந்து இருந்து எல்லாம் இறுகிப் போச்சு. சாயங்காலம் என்ன பண்றீங்க?"

"டிவி பார்ப்பேன்," என்றாள், ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வது போல.

"பாருங்க, யாரு வேண்டாம்னா? பார்த்துக்கிட்டே கொஞ்சம் அசைங்க. விளம்பரம் வந்தா கையை ஊனாம எழுந்து நில்லுங்க, மறுபடி உக்காருங்க. நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கி இறக்குங்க. கதை ஓடறப்போ உக்காந்த இடத்துலேயே காலை நீட்டி மடக்குங்க. இவ்வளவுதான். இதுக்கு ஜிம்முக்கெல்லாம் போக வேண்டாம்."

இதை அவள் தன் நாத்தனாரிடம் சொன்னது, வேறு எதற்கோ போன் வந்தபோது பேச்சோடு பேச்சாகத்தான். கணவர் இருந்த காலத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பெரிதாக ஒட்டுதல் இருந்ததில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால் சிரிப்பார்கள், சாப்பிட்டாச்சா என்பார்கள், அத்தோடு சரி. நாத்தனாரின் கணவருக்குக் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல்தான் இருப்பார். பிள்ளை குட்டி இல்லை.

"நானும் செய்யறேன் அண்ணி," என்றாள் நாத்தனார். "என் இடுப்பும் போன மாசத்துலேருந்து மக்கர் பண்ணுது. ரெண்டு பேரும் அதே தொடரைத்தானே பார்க்கறோம்? போனை ஸ்பீக்கர்ல போட்டு வச்சுக்கிட்டு சேர்ந்தே செய்யலாம். ஒருத்தி சோம்பேறித்தனம் பண்ணா இன்னொருத்தி திட்டலாம்."

அப்படித்தான் தொடங்கியது. சாயங்காலம் அந்தத் தொடரின் தலைப்புப் பாட்டு வரும்போது போன் அடிக்கும். டிக்கெட் அக்கா போனை டிவிப் பெட்டியின் பக்கத்தில் சாய்த்து வைப்பாள். விளம்பரம் வந்தவுடன், "ம், எழுந்திருங்க அண்ணி," என்று நாத்தனாரின் குரல் வரும். எண்ணுவது எப்போதும் அவள்தான். கைக்குத் தண்ணீர் பாட்டில், காலுக்கு நாற்காலி. போகப் போகச் சட்டங்கள் சேர்ந்தன. மாமியார் அழுதால் குதிகால் பயிற்சி. வில்லி சிரித்தால் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அந்த வில்லியோ எதற்கெடுத்தாலும் சிரிப்பவள்.

"இவ சிரிச்சே என் தோள்பட்டையைக் கழட்டிடுவா போலிருக்கே," என்று டிக்கெட் அக்கா மூச்சு வாங்குவாள். மறுமுனையில் நாத்தனார் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சில வாரங்களில் முட்டி இளகியது. ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். அதைவிடப் பெரிய விஷயம், அவளுக்குப் பேச்சு வந்தது. உடம்பு அசையும்போது வாயும் தானாகத் திறந்துகொண்டது. கண்ணாடிக்குப் பின்னால் நாள் முழுக்க ஊர்ப் பெயர்களையும் பிளாட்பார எண்களையும் தவிர வேறு பேசாதவள், விளம்பரம் ஓடும் நேரத்தில் மனதில் கிடந்ததையெல்லாம் எடுத்துப் போட்டாள். ராத்திரியில் கை மரத்துப்போவதைச் சொன்னாள். குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்று பயமாக இருப்பதைச் சொன்னாள். தனிக்குடித்தனம் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனால் மருமகள் தன்னை விருந்தாளி போல நடத்துவதைச் சொன்னாள். ஒருநாள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கியபடி, "உங்க அண்ணன் தங்கமான மனுஷன்தான். ஆனா நான் பேச ஆரம்பிச்சா பேப்பரை விரிச்சுடுவாரு. கடைசிவரைக்கும் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருடைய தங்கையிடமே இதைச் சொல்லிவிட்டோமே என்று. நாத்தனார் ஒன்றும் கோபப்படவில்லை. "சொல்லுங்க அண்ணி, என்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்வீங்க," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மைக் சாரைப் பற்றியும் சொன்னாள்.

மைக் சார் என்பவர் ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர். மனைவியை இழந்தவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் இடி மாதிரி கேட்கும். நேரில் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். மத்தியான இடைவேளையில் இரண்டு காகிதக் கோப்பைகளில் தேநீர் எடுத்துக்கொண்டு டிக்கெட் அறையின் பின்கதவுக்கு வருவார். படியில் உட்கார்ந்து குடிப்பார்கள். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. ஒருநாள் அவர், "நீங்க இப்போ சுறுசுறுப்பா நடக்கறீங்க," என்றார். அதைக்கூட அவர் கவனித்திருக்கிறார் என்று டிக்கெட் அக்காவுக்கு இரண்டு நாள் முகம் மலர்ந்தே இருந்தது.

"எனக்கு என்னமோ அவர் வந்து உக்காந்தா நல்லா இருக்கு. வேற ஒண்ணும் நினைக்கல. நினைக்கலன்னும் சொல்ல முடியல," என்று போனில் சொன்னாள்.

"ம்," என்றாள் நாத்தனார். "கையைத் தூக்குங்க அண்ணி, அவ சிரிக்கறா."

அதற்கு அடுத்த வாரம் மைக் சார் வருவது நின்றுபோனது. முதல் நாள் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தாள். ஆனால் ஒலிபெருக்கியில் குரல் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஒருநாள் மேம்பாலத்தில் எதிரே வந்தவர், அவளைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேகமாக இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் பயிற்சி செய்யத் தோன்றவில்லை. "நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல," என்றாள் போனில்.

"ஆம்பளைங்களே அப்படித்தான் அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க, விடுங்க. எழுந்திருங்க, விளம்பரம் போட்டுட்டான்," என்றாள் நாத்தனார்.

அவளும் எழுந்தாள். நாலைந்து தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாள். அப்போதுதான் போனில் அந்தத் தும்மல் கேட்டது. அடுத்தடுத்து மூன்று. மூன்றாவது மட்டும் விசில் அடித்தாற்போல் நீண்டு முடிந்தது. அவள் கணவர் அப்படித்தான் தும்முவார். அவரை உரித்து வைத்தாற்போல் பிறந்த மகனும் அப்படித்தான்.

"யாரு அங்க?"

"எங்க? டிவில அண்ணி."

டிக்கெட் அக்கா தன் டிவியைப் பார்த்தாள். அங்கும் அதே சேனல்தான். ஒரு பெண் பாத்திரம் துலக்கும் பவுடரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அந்த விளம்பரத்தில் யாரும் தும்மவில்லை.

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. மகன் எப்போதாவது அத்தையைப் பார்க்கப் போவான்தான். அவனுடைய அலுவலகம் அந்தப் பக்கம்தான். ஆனால் வந்திருக்கிறான் என்றால் வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. டிவி என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. நாத்தனார் வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறினாள். அந்தக் கட்டடத்துக்குக் கீழே நின்றபோது போன் அடித்தது.

"என்ன அண்ணி, டிவி சத்தமே கேக்கல?"

"தலைவலி. சத்தத்தைக் குறைச்சு வச்சிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே படி ஏறத் தொடங்கினாள். நாத்தனார் வீடு மூன்றாவது மாடி. முதல் மாடி திரும்பும்போதே மூச்சு வாங்கியது. மறுமுனையில் நாத்தனார் எண்ணத் தொடங்கிவிட்டாள். அண்ணி உட்கார்ந்து எழுந்திருக்கிறாள் என்றே நினைத்திருப்பாள்.

"அப்படித்தான், நல்லாச் செய்யறீங்க. எனக்கும் மூச்சு வாங்குது அண்ணி," என்றது போன்.

இரண்டாவது மாடியில் அவள் நின்றாள். மேலே இருந்து தொடரின் சத்தம் கேட்டது. காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு படிக்கு மேல் ஒரு படியாக ஏறிக்கொண்டே, "மைக் சாரைப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றாள் மெதுவாக.

மேலே டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது.

"சொல்லுங்க அண்ணி," என்று நாத்தனாரின் குரல் போனிலும் வந்தது, திறந்த கதவு வழியாகவும் வந்தது.

டிக்கெட் அக்கா வாசலில் போய் நின்றாள். நாத்தனார் சோபாவில் சாய்ந்து, இரண்டு காலையும் முக்காலி மேல் நீட்டிப் போட்டிருந்தாள். மடியில் ஒரு கிண்ணம், அதில் உரித்த வேர்க்கடலை. டீபாய் மேல் போன் விளக்கெரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கம் குனிந்து, ரிமோட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் அவள் மகன். அலுவலகச் சட்டையைக்கூட மாற்றவில்லை. எதிர்ச் சுவரில் வில்லி சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

டிக்கெட் அக்கா கையிலிருந்த போனை அணைத்தாள். டீபாய் மேலிருந்த போனும் அணைந்தது.

"அம்மா," என்று மகன் எழுந்தான். "நீ... எப்ப வந்தே?"

"நீ எப்பலேருந்து வர்றே?"

"எப்பவாவது. ஆபீஸ் முடிஞ்சு வர்ற வழியில..."

"அடிக்கடிதான் வருவான்," என்றாள் நாத்தனார், காலை அவசரமாகக் கீழே இறக்கிக்கொண்டு. பொய் சொல்லத் தோன்றவில்லையோ, இல்லை தன் பங்கைக் குறைத்துக்கொள்ள நினைத்தாளோ தெரியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அவனுக்கு உங்க மேல கவலை. நேர்ல கேட்டா நீங்க வாயே திறக்கறதில்லயாம்."

"ஆமாம்மா," என்றான் மகன். "உன்கிட்ட கேட்டா ஒரு வரிக்கு மேல பேசமாட்டே. இங்க வந்தாத்தான் உனக்குக் கை மரத்துப்போறதே எனக்குத் தெரியுது. பாத்ரூம்ல பயமா இருக்குன்னு அத்தைகிட்ட சொல்றே, என்கிட்ட சொன்னியா?"

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது. கை மரத்துப்போனது, பாத்ரூம் பயம், இதெல்லாம் அவன் கேட்டிருந்தால் பரவாயில்லை. அவன் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டதையும் கேட்டிருக்கிறான். அவன் மனைவியைப் பற்றிச் சொன்னதையும் கேட்டிருக்கிறான். நினைக்கலன்னும் சொல்ல முடியல என்று அவள் சொன்னபோது, இதே இடத்தில் இப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருப்பான்.

"எல்லாம் நல்லதுக்குத்தான் அண்ணி," என்றாள் நாத்தனார். "இதோ, அந்த மனுஷன் விஷயமும் வளராம முளையிலேயே முடிஞ்சுது. இவன் போய்ப் பக்குவமாப் பேசிட்டு வந்தான்."

"அத்தை," என்றான் மகன்.

"யார்கிட்ட பேசினே?" என்று கேட்டாள் டிக்கெட் அக்கா.

அவன் தரையைப் பார்த்தான். நாத்தனார் கிண்ணத்தை எடுத்து டீபாய் மேல் வைத்தாள். தான் வாய்விட்டுச் சொன்னது அண்ணிக்கு இதுவரை தெரியாத விஷயம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நான்தான் போகச் சொன்னேன்," என்றாள். குரல் மாறியிருந்தது. "எங்க அண்ணன் செத்து எத்தனை நாளாச்சு? அவர் இருந்த வீடு அது. நாலு பேர் நாலு விதமாப் பேசறதுக்கு முன்னாடி..."

"நாலு பேருக்கு எப்படித் தெரியும்? நான் உன் ஒருத்திகிட்டதானே சொன்னேன்."

டிக்கெட் அக்கா சோபாவை, முக்காலியை, கிண்ணத்தை ஒருமுறை பார்த்தாள்.

"ஒருநாளாவது நீ எழுந்து நின்னிருக்கியா?" என்று கேட்டாள்.

நாத்தனாரின் கண் கலங்கியது. டிக்கெட் அக்கா திரும்பி இறங்கினாள். மகன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தான். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அவள் காதில் வாங்காதவள் போல் பேருந்து நிறுத்தத்தில் நின்று, வந்த பேருந்தில் ஏறினாள். முட்டி நன்றாகவே ஒத்துழைத்தது.

மறுநாள் மத்தியானம் அவளே அறிவிப்பு அறைக்குப் போனாள். மைக் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"என் மகன் வந்தானா?"

"வந்தாரு. மரியாதையாத்தான் பேசினாரு." அவர் குரல் வழக்கத்தைவிடச் சிறுத்திருந்தது. "அம்மாவுக்குச் சங்கடமா இருக்காம். நேர்ல சொல்ல முடியலையாம், என்னைச் சொல்லச் சொன்னாங்கன்னாரு. அதான் நான்..."

"நான் சொல்லச் சொன்னேன்னா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னாரு."

மேசையில் ஒரு விளக்கு எரிந்தது. அவர் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு மைக்கைத் திறந்தார். வடக்கே போகும் வண்டி வேறு பிளாட்பாரத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெரிய குரலில் இரண்டு முறை சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒட்டுக்கேட்டதைக்கூட அவளால் கவலை என்ற கணக்கில் எழுதிவிட முடிந்திருக்கும். தன் வாயில் இல்லாத வார்த்தையைத் தன் வார்த்தை என்று கொண்டுபோய் ஒரு மனுஷரிடம் வைத்திருக்கிறான். அந்த வார்த்தையோடு அவர் இத்தனை நாள் மேம்பாலத்தில் அவளைக் கடந்து போயிருக்கிறார்.

அவர் மைக்கை மூடினார்.

"நான் சொல்லல," என்றாள். "நான் அப்படி ஒண்ணு சொல்லவே இல்ல."

அவர் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அடக்கிக்கொண்டார். "மகனே வந்து சொல்றப்போ நம்பாம எப்படி..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தள்ளித்தான் உக்காந்திருக்கேன்."

"கேட்டிருக்கணும்," என்று ஒத்துக்கொண்டார். கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு டீ கொண்டு வரட்டுமா?" என்றார்.

அவளுக்கு வரச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேசினாலும், இது எங்கே போய்ச் சேருமோ என்று யோசிக்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது. "இப்போ வேண்டாம் சார். நானே சொல்றேன்," என்றாள். அவர் தலையாட்டினார்.

மகன் அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். குழந்தையை முன்னால் விட்டால் அம்மா இளகுவாள் என்று அவனுக்குத் தெரியும். அவள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சினாள். அவனுக்கும் சாப்பாடு போட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டபோது, "நீயே போய் அவர்கிட்ட, அம்மா அப்படிச் சொல்லல, நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வா. அப்புறம் பேசலாம்," என்றாள்.

"எப்படிம்மா போய்ச் சொல்றது?"

"முதல்ல எப்படிப் போனியோ அப்படித்தான்."

அவன் சரி என்றான். மாதம் ஒன்று ஓடியும் போகவில்லை.

டிக்கெட் அக்கா பயிற்சியை விடவில்லை. அவர்கள் செய்ததற்கு முட்டி என்ன செய்யும் என்று நினைத்தாள். தொடரை மட்டும் விட்டுவிட்டு, மிருகங்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்கு மாறிக்கொண்டாள். அதில் விளம்பரம் குறைவு. காட்டெருமைகள் ஆற்றைக் கடக்கும்போது பாட்டிலைத் தூக்கினாள். சில நேரம் ஏதாவது சொல்ல வாய் திறக்கும். பக்கத்து வீட்டுக்கும் கேட்குமோ என்று ஒரு பயம் வந்து, வந்த பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும்.

ஒருநாள் சாயங்காலம் நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். முகம் மெலிந்திருந்தது. உட்காரச் சொல்லுமுன் அவளே ஒரு நாற்காலியை இழுத்து டிவி முன்னால் போட்டாள்.

"இன்னைக்கு நிஜமாவே செய்யறேன் அண்ணி. நீங்க எண்ணுங்க," என்றாள்.

டிக்கெட் அக்கா எண்ணவில்லை. நாத்தனார் கையை ஊன்றாமல் எழப் பார்த்தாள், முடியவில்லை. கையை ஊன்றி எழுந்தாள். இரண்டாவது தடவை எழும்போதே தொடை நடுங்கியது. மூன்றாவது தடவை பாதியில் தொப்பென்று நாற்காலியில் விழுந்தாள். முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. எனக்கும் மூச்சு வாங்குது அண்ணி என்று தினமும் கேட்ட அந்தக் குரல் எவ்வளவு சீராக இருந்தது என்பது டிக்கெட் அக்காவுக்கு நினைவுக்கு வந்தது. நிஜமாக மூச்சு வாங்கினால் இப்படித்தான் இருக்கும். பேசவே வராது.

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் சாயங்காலமானா வீடு அடைச்ச மாதிரி இருக்கும் அண்ணி. உங்க குரலுக்காகத்தான் போன் பண்ணேன், சத்தியமா. உடற்பயிற்சியெல்லாம் ஒரு சாக்குதான். முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் இவன் வந்தான், அம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டான். கேக்கறதுக்கு ஒரு ஆள் இருந்தா சொல்லத் தோணுது. நீங்களும் அப்படித்தானே என்கிட்ட சொன்னீங்க."

"ஆமா," என்றாள் டிக்கெட் அக்கா. "நானும் அப்படித்தான் சொன்னேன்."

அதில் கோபம் இல்லாததைக் கேட்டு நாத்தனார் நிமிர்ந்தாள். "நாளைக்குப் போன் பண்ணட்டுமா?"

"பண்ணு. உடம்பு எப்படி இருக்குன்னு கேளு, சொல்றேன். மழை பெய்யுதான்னு கேளு, சொல்றேன். அதுக்கு மேல எதிர்பார்க்காதே."

நாத்தனார் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு கரடி ஓடும் தண்ணீரில் மீனுக்காக நின்றுகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். பிறகு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். டிக்கெட் அக்கா அவள் இழுத்துப் போட்ட நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். படியில் காலடிச் சத்தம் ஒவ்வொன்றாக இறங்கிப் போவது கேட்டது. நடுவில் ஒருமுறை அது நின்றது. திரும்பி வருவாளோ என்று டிக்கெட் அக்கா கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை.